நிறம் திருத்தும் கருவி: எதைத் தேர்ந்தெடுப்பது?

மாணவர்களே, உங்கள் பள்ளியின் பொங்கல் விழாவைக் கைப்பேசியில் படம் பிடித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காலையில் திடலோர மர நிழலில் பொங்கல் வைத்தார்கள். பிறகு மண்டபத்தில் தலைமையாசிரியர் உரையாற்றினார். மாலையில் குத்துவிளக்கின் அருகே நடனம் நடந்தது. மூன்று காட்சிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிப் பார்க்கிறீர்கள். ஒரே வெள்ளை வேட்டி மர நிழலில் சற்று நீலமாகவும், மண்டபத்தில் இலேசான பச்சையாகவும், குத்துவிளக்கின் அருகே ஆரஞ்சாகவும் தெரிகிறது.

அடுத்து என்ன செய்வீர்கள்? பலர் செயலியைத் திறந்து, அழகான பெயர் கொண்ட ஒரு ஃபில்டரைத் தட்டிவிடுவார்கள். படம் மாறும், ஆனால் மூன்று வேட்டிகளும் இன்னும் மூன்று நிறத்தில்தான் இருக்கும். உடனே, "இந்தச் செயலி சரியில்லை, வேறு எது நல்லது?" என்ற கேள்வி வரும்.

ஒரு பெயரைச் சொல்லி இந்தக் கேள்விக்கு விடை தந்துவிடலாம். ஆனால் அந்த விடை விரைவில் பழையதாகிவிடும். செயலிகள் வரும், போகும். அவற்றின் உள்ளே நடக்கும் கணக்கு மாறுவதில்லை. அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் எந்தக் கருவி உங்கள் வேலைக்குப் பொருந்தும் என்பதை நீங்களே சோதித்துத் தேர்ந்தெடுக்கலாம்.

வேட்டி ஏன் நிறம் மாறியது?

வெள்ளைத் துணி தன்மேல் விழும் ஒளியை அப்படியே திருப்பி அனுப்புகிறது. ஆகவே, விழும் ஒளியில் எந்த நிறம் மிகுந்திருக்கிறதோ அந்த நிறம் துணியிலும் ஏறும். ஒளியின் நிறத்தை அறிவியலார் வெப்பநிலையாகவே குறிக்கிறார்கள். இரும்பைச் சூடாக்கினால் முதலில் செந்நிறமாக ஒளிரும். சூடு ஏற ஏற மஞ்சளாகி, வெண்மையை நோக்கிப் போகும். இந்த உறவை அடிப்படையாகக் கொண்டு ஒளியின் நிறத்தைக் கெல்வின் அலகில் சொல்கிறோம். மெழுகுவர்த்திச் சுடர் ஏறத்தாழ 1,900 கெல்வின். பழைய இழைவிளக்கு 2,700 முதல் 3,000 வரை. நண்பகல் வெயில் 5,500 அளவில் இருக்கும். நிழலில் வெயில் நேரடியாக விழுவதில்லை. அங்கே நீல வானத்தின் ஒளியே மிகுதி. அதனால் 7,000-ஐத் தாண்டிவிடும். எண் குறைந்தால் ஒளி ஆரஞ்சு, எண் கூடினால் நீலம்.

மண்டபத்தின் பச்சைக்குக் காரணம் வேறு. குழல்விளக்கினுள் பாதரச ஆவி புறஊதா ஒளியை வெளியிடுகிறது. குழாயின் உட்புறம் பூசப்பட்ட ஒளிர்பொருள் அதைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றுகிறது. அந்த ஒளி வெயிலைப்போல் எல்லா நிறங்களும் சீராகக் கலந்த ஒளி அன்று. பல குழல்விளக்குகளில் பச்சைப் பகுதி தூக்கலாக இருக்கும்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது உங்களுக்கு வேட்டி பச்சையாகத் தெரிந்திருக்காது. நம் விழித்திரையில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் மூன்று வகை. சூழலில் ஒரு நிறம் மிகுந்தால் அந்த நிறத்துக்கான உணர்வைக் கண்ணும் மூளையும் சேர்ந்து குறைத்துக்கொள்கின்றன. வெள்ளையை வெள்ளையாகவே பார்க்கப் பழகிய அமைப்பு அது. கேமராவும் தானாகச் சரிசெய்ய முயலும். ஆனால் அது ஊகத்தால் செய்யும் வேலை, அடிக்கடி தவறும்.

கேமராவுக்குத் தெரிவது எண்கள் மட்டுமே

கேமராவின் உணரியில் இலட்சக்கணக்கான சிறு ஒளிக்கிணறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒளியின் அளவை மட்டுமே அறியும், நிறம் அறியாது. ஆகவே, ஒவ்வொன்றின்மீதும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒரு வடிகட்டியை வைக்கிறார்கள். கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் இதற்கான ஓர் அமைப்பை வகுத்தார். 1976-இல் அதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. அதில் பாதிக் கிணறுகளுக்குப் பச்சை, கால்பங்குக்குச் சிவப்பு, கால்பங்குக்கு நீலம். நம் கண் வெளிச்சத்தின் நுண்விவரங்களை அறியப் பெரும்பாலும் பச்சைப் பகுதியையே நம்பியிருப்பதுதான் பச்சைக்கு இரட்டைப் பங்கு தரக் காரணம். இன்றைய கைப்பேசிக் கேமராக்கள் பலவற்றிலும் இதே அமைப்புதான், அல்லது இதன் வாரிசுதான்.

இறுதியில் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் மூன்று எண்களாகிறது. சாதாரணக் கைப்பேசிக் காணொளியில் ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட், அதாவது 0 முதல் 255 வரை 256 படிகள். மூன்றையும் பெருக்கினால் 1 கோடியே 67 இலட்சத்துக்கும் அதிகமான நிறங்கள்.

இப்போது குத்துவிளக்கின் அருகே எடுத்த வேட்டியின் ஒரு புள்ளியைப் பார்ப்போம். சிவப்பு 240, பச்சை 200, நீலம் 140 என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை அல்லது சாம்பல் என்றால் மூன்றும் சமமாக இருக்க வேண்டும். பச்சையை 200-இலேயே விட்டுவிடுவோம். சிவப்பை 0.83-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 200. நீலத்தை 1.43-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 200. அவ்வளவுதான், வேட்டி வெளுத்துவிட்டது! அதே பெருக்கெண்களைக் காட்சியின் எல்லாப் புள்ளிகளுக்கும் போட்டால் முழுக் காட்சியும் சரியாகும். செயலிகளில் "வைட் பேலன்ஸ்" எனப்படும் வெண்மைச் சமநிலைக் கருவி செய்வது அடிப்படையில் இதைத்தான்.

வேட்டியின் சிவப்பு 255-ஐத் தொட்டு நின்றிருந்தால்? உண்மையான அளவு 260-ஆ, 300-ஆ என்று அந்தக் கோப்புக்குத் தெரியாது. எல்லாம் 255 என்றே பதிவாகியிருக்கும். பதிவாகாத விவரத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவிக்கும் இது பொருந்தும்.

திருத்தம் முதலில், அலங்காரம் பிறகு

நிற வேலையில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதலாவது நிறத்திருத்தம்: வெள்ளையை வெள்ளையாக்குவது, வெளிச்சத்தைச் சீராக்குவது, காட்சிகளை ஒன்றோடொன்று பொருத்துவது. இரண்டாவது கலர் கிரேடிங்: கதையின் மனநிலைக்கு ஏற்பப் படத்துக்கு ஒரு தோற்றம் கொடுப்பது.

இரண்டாம் கட்டத்துக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, கோயன் சகோதரர்கள் இயக்கி 2000-இல் வெளிவந்த "ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ" என்ற ஹாலிவுட் படம். 1930-களின் வறட்சியான, தூசு படிந்த அமெரிக்கத் தென்பகுதியைக் காட்ட வேண்டிய கதை. ஆனால் படப்பிடிப்பு நடந்ததோ மிசிசிப்பி மாநிலத்தின் கோடைக்காலத்தில்; எங்கு திரும்பினாலும் பச்சைப் பசேல். ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் படச்சுருளைக் கணினியில் ஏற்றி, இலைகளின் பச்சையை மட்டும் காய்ந்த மஞ்சளாக மாற்ற வைத்தார். முழுப்படத்தையும் கணினியில் நிறம் சேர்த்த முதல் ஹாலிவுட் படங்களுள் ஒன்றாக அது பேசப்படுகிறது.

இதில் வரிசை மிக முக்கியம். ஏன் என்பதற்கு ஃபில்டர் என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான ஃபில்டர்களின் உள்ளே இருப்பது ஒரு மாற்று அட்டவணை. திரைத்துறையில் அதை "லட்" என்பார்கள். "இந்த மூன்று எண்கள் உள்ளே வந்தால் அந்த மூன்று எண்களை வெளியே அனுப்பு" என்பதே அதன் வேலை. எல்லா நிறங்களுக்கும் பதில் எழுதினால் 1 கோடியே 67 இலட்சம் வரிகள் வேண்டும். அதனால் ஒவ்வொரு நிறத்திலும் 33 இடங்களை மட்டும் எடுத்து, 33 × 33 × 33, அதாவது 35,937 நிறங்களுக்கான பதில்களை எழுதி வைக்கிறார்கள். இடைப்பட்ட நிறங்களை மென்பொருள் கணக்கிட்டுக்கொள்ளும்.

வாய்ப்பாட்டைப் போன்றது இந்த அட்டவணை. உள்ளே வருவது வேட்டியா, வானமா, முகமா என்று அதற்குத் தெரியாது. மர நிழலில், மண்டபத்தில், குத்துவிளக்கின் அருகே என்று வேட்டி மூன்று விதமான எண்களோடு உள்ளே போனால், மூன்று விதமான எண்களாகவே வெளியே வரும். நம் பொங்கல் காணொளியில் நடந்தது இதுதான். செயலி பிழை செய்யவில்லை. திருத்தம் செய்யாத காட்சிகளின்மேல் அலங்காரம் ஏறிவிட்டது.

ஆகவே, கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் எண்ண வேண்டியது எத்தனை ஃபில்டர் இருக்கிறது என்பதை அல்ல. ஃபில்டருக்கு முன்னால் திருத்தம் செய்ய என்ன வசதி இருக்கிறது என்பதைத்தான்.

ஐந்து கருவிகள் இருக்கின்றனவா?

ஒன்று, இரண்டு நழுவிகள் கொண்ட வெண்மைச் சமநிலை. "டெம்பரேச்சர்" நழுவி நீலத்துக்கும் ஆரஞ்சுக்கும் இடையே நகரும். "டின்ட்" நழுவி பச்சைக்கும் ஊதாச் சிவப்புக்கும் இடையே நகரும். நிழலையும் குத்துவிளக்கையும் சரிசெய்ய முதல் நழுவி போதும். மண்டபத்தின் பச்சையைப் போக்க இரண்டாவது வேண்டும். ஒரே நழுவி உள்ள செயலியில் மண்டபக் காட்சியோடு மணிக்கணக்கில் போராட வேண்டியிருக்கும்.

இரண்டு, மூன்று வட்டங்கள். இருண்ட பகுதி, நடுப்பகுதி, வெளிச்சப் பகுதி ஆகியவற்றைத் தனித்தனியே மாற்றுபவை இவை. மென்பொருள்களில் "லிஃப்ட், காமா, கெய்ன்" என்று பெயர் இருக்கும். கணக்கு எளிது. முழு இருளை 0 என்றும் முழு வெண்மையை 1 என்றும் கொள்ளுங்கள். கெய்ன் என்பது பெருக்கல்: 1.2-ஆல் பெருக்கினால் 0.5 என்பது 0.6 ஆகும், 0 அப்படியே இருக்கும். லிஃப்ட் இருளை உயர்த்தும்: 0 என்பது 0.1 ஆனாலும் 1 அசையாது. காமா என்பது அடுக்கு. எடுத்துக்காட்டாக, வர்க்கமூலம் எடுத்துப் பாருங்கள். 0-இன் வர்க்கமூலம் 0, 1-இன் வர்க்கமூலம் 1. இரு முனைகளும் அசையவில்லை. ஆனால் 0.25 என்பது 0.5 ஆகி இருமடங்கு உயர்ந்துவிட்டது, 0.81 என்பது 0.9 ஆகிச் சற்றே நகர்ந்தது. இருட்டில் மூழ்கிய முகத்தை வானம் வெளுக்காமல் மேலே கொண்டுவர காமா உதவுவது இதனால்தான். "பிரைட்னஸ்" நழுவி ஒன்று மட்டும் இருந்தால் முகமும் வானமும் சேர்ந்தே ஏறிவிடும்.

மூன்று, வளைகோடுகள். மேலே சொன்ன கணக்கையே வரைபடமாக்கி, உங்கள் விருப்பம்போல் வளைக்க விடும் கருவி இது. கிடைமட்ட அச்சில் உள்ளே வரும் அளவு, செங்குத்து அச்சில் வெளியே போகும் அளவு. கணிதப் பாடத்தில் நீங்கள் வரையும் சார்புகளின் வரைபடம் இதுவேதான்.

நான்கு, ஒரு நிறத்தை அல்லது ஓர் இடத்தை மட்டும் மாற்றும் வசதி. டீக்கின்ஸ் பச்சையை மட்டும் மஞ்சளாக்கியதுபோல் செய்ய இது வேண்டும். தொடக்கத்தில் இது இல்லாமலும் சமாளிக்கலாம்.

ஐந்து, அளவீட்டு வரைபடங்கள். "ஸ்கோப்" எனப்படும் இவற்றை மாணவர்கள் பெரும்பாலும் கவனிப்பதே இல்லை. என் கருத்தில் ஐந்தில் முதன்மையானது இதுதான்.

கண்ணை நம்பலாமா?

2015 பிப்ரவரியில் ஓர் ஆடையின் படம் உலகெங்கும் பரவியது. சிலர் அதை வெள்ளை-பொன்நிறம் என்றனர். சிலர் நீலம்-கறுப்பு என்று அடித்துப் பேசினர். உண்மையில் ஆடை நீலமும் கறுப்பும்தான். சூழலின் ஒளி எப்படிப்பட்டது என்று ஒவ்வொருவர் மூளையும் வெவ்வேறாக ஊகித்ததால் வந்த வேறுபாடு அது. இரவில் அறையின் மஞ்சள் விளக்கின்கீழ் அமர்ந்து நிறம் திருத்தினாலும் இதே சிக்கல்தான். மறுநாள் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் வேறாகத் தெரியும். மேலும், எல்லார் கண்ணும் ஒன்றுபோல் இல்லை. சிவப்பு-பச்சை வேறுபாடு தெளிவாகத் தெரியாத நிறக்குறைபாடு, எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் ஆண்களிடையே அதிகம். உங்கள் குழுவிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். அவரும் வரைபடத்தைப் பார்த்து மற்றவருக்கு நிகராக நிறம் திருத்த முடியும்.

"வேவ்ஃபார்ம்" என்ற வரைபடம் படத்தின் இடமிருந்து வலம்வரை எந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் என்று காட்டும். இங்கே வெளிச்சம் என்பது மூன்று எண்களின் சராசரி அன்று. உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்கான உலகத் தரத்தின்படி, சிவப்பு 21 விழுக்காடு, பச்சை 72 விழுக்காடு, நீலம் 7 விழுக்காடு என்ற பங்கில் கூட்டுகிறார்கள். பச்சைக்கு நம் கண் தரும் சிறப்பிடம் இங்கும் தெரிகிறது. "பரேட்" என்ற வரைபடம் மூன்று நிறங்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். வேட்டி இருக்கும் இடத்தில் மூன்றும் ஒரே உயரத்தில் நின்றால் வேட்டி வெள்ளை, விவாதமே வேண்டாம்.

"வெக்டர்ஸ்கோப்" என்பது ஒரு வட்டம். நடுவில் நிறமற்ற சாம்பல். வெளியே போகப் போக நிறம் செறிவாகும். திசை எந்த நிறம் என்பதைச் சொல்லும். பல மென்பொருள்களில் அதன்மேல் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே ஒரு கோடு போட்டிருப்பார்கள். அது தோல் நிறக்கோடு.

ஒரே கோட்டில் நிற்கும் முகங்கள்

மலாய், சீன, இந்திய, ஈபான் நண்பர்கள் நால்வரை ஒரே ஒளியில் படம் எடுத்து, முகங்களை மட்டும் வெக்டர்ஸ்கோப்பில் பாருங்கள். நான்கு முகங்களும் ஏறத்தாழ அதே கோட்டை ஒட்டியே விழும். தோலுக்கு நிறம் தருபவை முதன்மையாக இரண்டு: மெலனின் நிறமியும் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினும். இரண்டுமே நீலத்தையும் பச்சையையும் அதிகமாக உறிஞ்சி, சிவப்பை அதிகமாகத் திருப்பி அனுப்புகின்றன. மெலனின் கூடினால் தோலின் வெளிச்ச அளவு குறையும். நிறத்தின் திசை அதிகம் மாறாது. வேறுபாடு வேவ்ஃபார்மின் உயரத்தில் தெரியும்.

ஆனால் கருவிகளை உருவாக்கியவர்கள் எல்லா முகங்களையும் சமமாக நினைத்துப் பார்க்கவில்லை. படச்சுருள் காலத்தில், படம் கழுவும் கூடங்கள் நிறம் சரியா என்று பார்க்க "ஷெர்லி அட்டை" என்ற மாதிரிப் படத்தைப் பயன்படுத்தின. பல ஆண்டுகளுக்கு அந்த அட்டையில் இருந்தவர்கள் வெள்ளை நிறப் பெண்களே. அவர்களின் தோல் சரியாக வந்தால் போதும் என்று முடிவு செய்யப்பட்டது. கருமையான தோல் உடையவர்கள் குழுப்படங்களில் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும்படி இருளில் கரைந்துபோனார்கள். கரும்பழுப்பு நிறங்களைப் படச்சுருள் நன்றாகப் பதிவு செய்யத் தொடங்கியதற்கு, சாக்லேட் நிறுவனங்களும் மரச்சாமான் நிறுவனங்களும் தங்கள் பொருள்களின் நிறம் படத்தில் சரியாக வரவில்லை என்று முறையிட்டதும் ஒரு காரணம். பல இனப் பெண்கள் இடம்பெற்ற கோடாக் அட்டை 1990-களில்தான் வந்தது.

இன்று இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். கைப்பேசிச் செயலிகளில் உள்ள "அழகு" ஃபில்டர்கள் பலவும் முகத்தை வெளுப்பாக்குவதையே அழகு என்று எடுத்துக்கொள்கின்றன. சில கைப்பேசிகளில் அது முன்கூட்டியே இயங்கிக்கொண்டும் இருக்கும். வகுப்புக் காணொளியில் நடனமாடிய தோழியின் முகம் இரண்டு படி வெளுத்துப் போயிருந்தால், அவள் அதைப் பார்த்து என்ன நினைப்பாள்? "நான் இருப்பதுபோல் இருந்தால் போதாதா?" என்றுதானே? நிறத் திருத்தத்தின் அளவுகோல் வேட்டி மட்டுமல்ல, மனிதர்களும்தான்.

முகத்தைத் தெரிய வைப்பது வேறு, முகத்தை மாற்றுவது வேறு. இருட்டில் கண்ணும் புருவமும் தெரியவில்லை என்றால் காமாவைக் கொண்டு அந்தப் பகுதியை உயர்த்துங்கள். அது நியாயமான திருத்தம். வேட்டி சரியான வெள்ளையில் இருக்கும்போது, முகத்தை மட்டும் தனியே பிடித்து வெளுப்பாக்குவது திருத்தம் ஆகாது. எந்தப் பக்கம் என்று ஐயம் வந்தால் படத்தில் இருப்பவரிடமே காட்டிக் கேளுங்கள். ஒரு கருவியை எடைபோடும்போதும், வெளிர்நிற முகத்தில் மட்டும் சோதித்துப் பார்க்காதீர்கள். கருமையான முகத்தையும் சேர்த்தே சோதியுங்கள்.

8 பிட்டா, 10 பிட்டா?

மென்பொருள் விளம்பரங்களில் அடிக்கடி வரும் இன்னொரு சொல் பிட். இருட்டில் எடுத்த ஒரு காட்சியில் எல்லாப் புள்ளிகளும் 0 முதல் 40 வரை மட்டுமே இருப்பதாகக் கொள்வோம். அதை 5 மடங்கு வெளிச்சமாக்கினால் 0 முதல் 200 வரை பரவும். ஆனால் இருப்பதோ 41 படிகள்தான். 0, 5, 10, 15 என்று இடைவெளி விட்டு நிற்கும். மாலை வானம் சீராக மங்குவதற்குப் பதிலாகப் பட்டை பட்டையாகத் தெரிவது இதனால்தான். 10 பிட் பதிவில் ஒவ்வொரு நிறத்துக்கும் 1,024 படிகள் உண்டு. அதே இருண்ட பகுதியில் ஏறத்தாழ நான்கு மடங்கு படிகள் இருப்பதால் பட்டைகள் எளிதில் தோன்றா.

உங்கள் கைப்பேசி 8 பிட்டில்தான் பதிவு செய்கிறது என்றால் 10 பிட்டுக்கான மென்பொருளை வாங்கிக் கோப்பின் தரத்தை உயர்த்த முடியாது. அந்தப் பணத்தைச் சேமித்து, படம் எடுக்கும்போது ஒரு விளக்கைக் கூடுதலாக வையுங்கள்.

எது யாருக்கு?

கைப்பேசி மட்டும் இருப்பவர்களுக்குக் கேப்கட் போன்ற செயலிகள் போதுமான தொடக்கம். டெம்பரேச்சர், பிரகாசம், நிறச்செறிவு ஆகியவற்றை விரலால் நகர்த்தலாம். ஆனால் கைப்பேசிச் செயலிகள் பெரும்பாலானவற்றில் அளவீட்டு வரைபடங்கள் இருக்காது. சில வசதிகளுக்குப் பணம் கேட்கும். ஒரு நிமிடக் காணொளிக்கு ஏற்றவை.

பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் ஷாட்கட் அல்லது கேடென்லைவ் என்ற மென்பொருள்களைப் பார்க்கலாம். இரண்டும் இலவசம், மூல நிரல் எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. வெண்மைச் சமநிலை, மூன்று வட்டங்கள், லட் கோப்பு, வேவ்ஃபார்ம், வெக்டர்ஸ்கோப் எல்லாம் உண்டு. தோற்றம் சற்றுக் கடினமாகத் தோன்றினாலும் நிற அறிவியலைக் கற்க நல்ல இடம்.

வலுவான கணினி உள்ளவர்களுக்கு டாவின்சி ரிசால்வ் இருக்கிறது. 1984-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தொடங்கிய டாவின்சி சிஸ்டம்ஸ் நிறுவனம், திரைப்பட நிலையங்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் விலையில் நிறத்திருத்தக் கருவிகளை விற்றுவந்தது. 2009-இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் அதை வாங்கியது; 2011-இல் இலவசப் பதிப்பையும் வெளியிட்டது. ஹாலிவுட் பயன்படுத்தும் கருவியின் பெரும்பகுதி இன்று உங்களுக்கும் கிடைக்கிறது. படத்தின் இரைச்சலை நீக்குவது போன்ற சில வசதிகள் மட்டும் கட்டணப் பதிப்பில் உள்ளன. ஆனால் இதற்கு நல்ல வரைகலை அட்டையும் நிறைய நினைவகமும் வேண்டும். சாதாரண மடிக்கணினியில் திணறும்.

ஆப்பிள் கணினி உள்ளவர்களுக்கு ஐமூவி இலவசமாகக் கிடைக்கும். அடிப்படைத் திருத்தத்துக்குப் போதும், வரைபடங்கள் கிடையா. ஃபைனல் கட் புரோ, அடோபி பிரீமியர் புரோ ஆகியவற்றில் எல்லாக் கருவிகளும் உண்டு. இரண்டும் கட்டண மென்பொருள்கள். பிரீமியருக்குச் சந்தா கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பள்ளிக்கு உரிமம் இருந்தால் பயன்படுத்துங்கள். ஒரு போட்டிக்காக மட்டும் பெற்றோரிடம் பணம் கேட்கத் தேவையில்லை.

அரை மணி நேரச் சோதனை

முடிவெடுப்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். ஒரு வெள்ளைத் தாளையும், வெவ்வேறு தோல் நிறம் கொண்ட இரண்டு மூன்று நண்பர்களையும் ஒரே சட்டகத்தில் நிறுத்துங்கள். மர நிழலில், குழல்விளக்கின் கீழ், மஞ்சள் விளக்கின் அருகே என மூன்று இடங்களில் பத்துப் பத்து வினாடி படம் எடுங்கள். அழகு ஃபில்டரை அணைத்துவிடுங்கள். பல கைப்பேசிகளில் திரையை அழுத்திப் பிடித்தால் வெளிச்ச அளவு பூட்டப்படும். அதைச் செய்தால் காட்சியின் நடுவே வெளிச்சம் ஏறி இறங்காது. தாள் முழுதாக வெளுத்துப்போகாத அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்துவையுங்கள்.

பிறகு, நீங்கள் எண்ணியிருக்கும் இரண்டு மென்பொருள்களில் மூன்று காட்சிகளையும் ஏற்றுங்கள். மூன்று தாள்களும் ஒரே வெள்ளையாக வர ஒவ்வொன்றிலும் எத்தனை நிமிடம் ஆகிறது? தாள் வெள்ளையானபோது நண்பர்களின் முகம் நேரில் இருப்பதுபோல் இருக்கிறதா? ஒரு காட்சியில் செய்த திருத்தத்தை நகலெடுத்து, அதே இடத்தில் எடுத்த அடுத்த காட்சியில் ஒட்ட முடிகிறதா? வரைபடத்தைப் பார்த்துச் சரிபார்க்க முடிகிறதா? உங்கள் கணினி திணறாமல் ஓட்டுகிறதா? ஐந்து கேள்விகளுக்கும் விடைகளை அட்டவணையாக எழுதுங்கள். விடைகள் நன்றாக இருக்கும் மென்பொருள்தான் உங்களுக்கு ஏற்றது. அது உங்கள் நண்பர் பயன்படுத்துவதாக இருக்க வேண்டும் என்பதில்லை.

மூன்று தாள்களும் ஒத்துப்போன பிறகு, உங்களுக்குப் பிடித்த ஃபில்டரை மூன்றின்மேலும் போட்டுப் பாருங்கள். முன்பு மூன்று விதமாக நின்ற காட்சிகள் இப்போது ஒரே படம்போல் சேர்ந்து ஓடும். மர நிழலில் தொடங்கி, மண்டபம் வழியாக, குத்துவிளக்கின் அருகே முடியும் அந்தப் பொங்கல் காணொளியைத் திறந்து, முதல் காட்சியின் வேட்டியிலிருந்தே வேலையைத் தொடங்கலாம்.